மஞ்சளில் முக்கியெடுத்த துப்பட்டா ஏன் வெளுத்தது?

கேள்வி: மகளின் வெள்ளைக் காட்டன் துப்பட்டாவுக்கு மஞ்சள்தூளைக் காய்ச்சிச் சாயம் போட்டேன். சோப்பில் நனைத்ததும் திட்டுத்திட்டாகச் சிவந்தது; மொட்டைமாடியில் காயப்போட்டதும் வெளிறிவிட்டது. உப்பும் சேர்த்தேனே, ஏன் நிற்கவில்லை?
- வாசகி, தேனி

பதில்: சிவந்ததற்குப் பயப்படாதீர்கள், அம்மா. ஆரத்திக்குக் கரைத்த மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்குமே, அதேதான். சோப்பிலும் காரம் உண்டு. எலுமிச்சம்பழத் தண்ணீரில் ஒருமுறை அலசியிருந்தால் மஞ்சள் திரும்பியிருக்கும். ஆனால் வெளிறியதைத் தடுக்க வழியில்லை. மஞ்சள்தூள் சாயம் வெயில் தாங்காது. உப்பெல்லாம் கடையில் விற்கும் ரசாயனச் சாயத்துக்குத்தான்.

அடுத்த முறை மாதுளைத் தோலில் போடுங்கள். ஜூஸ் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். 200 கிராம் துணிக்கு, காய்ந்த தோலும் 200 கிராம்.

சாயம் போடுவதற்கு முன்னால்தான் உண்மையான வேலை இருக்கிறது. முதலில் துணியைச் சலவைச் சோடாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுக் கஞ்சியை எடுங்கள். வெள்ளைத் துணிதானே என்று விடாதீர்கள், அந்தத் தண்ணீர் டீ நிறத்தில் இறங்குவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அலசிக் காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உருண்டு நின்றால் இன்னொரு முறை கொதிக்கவிட வேண்டும். சட்டென்று உள்ளே போனால் சரி. அப்புறம் 40 கிராம் கடுக்காய்த் தூளில் ஓர் இரவு ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். மறுநாள் 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் ஓர் இரவு. பருத்தியைக் கடுக்காயின் துவர்ப்பு பிடிக்கும், துவர்ப்பைப் படிகாரம் பிடிக்கும், படிகாரத்தைச் சாயம் பிடிக்கும். நடுவில் ஒன்றை விட்டால் எல்லாம் தண்ணீரோடு போகும்.

லேசாக அலசிவிட்டு, தோலை வேகவைத்து வடிகட்டிய சாயத்தில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான். ஆரம்பத்தில் நான் அவசரத்துக்கு இரும்புச் சட்டியில் ஆறு மீட்டர் துணியைப் போட்டுவிட்டேன். எடுத்தபோது பாசி படிந்த குட்டை நிறம். அன்று அழுதேவிட்டேன். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். துணியில் கலம்காரி ஓவியம் வரையும் ஸ்ரீகாளஹஸ்திக்காரர்கள் வெல்லத் தண்ணீரில் இரும்பை ஊறவைத்துக் கறுப்புக் கோடு இழுப்பதும் இதனால்தான். உங்கள் போர் தண்ணீரில் இரும்புக்கறை இருந்தால் மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்தி, பூந்திக்கொட்டையில் துவையுங்கள்.

கேள்வி: அவுரிச் சாயம் என்று வாங்கிய நீலச் சட்டை கையில் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், கரூர்

பதில்: ஒட்டுவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் புளிக்கவைத்தால்தான் கரையும். அப்போது தொட்டித் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். முக்கி எடுத்த துணியும் பச்சைதான். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் பரவும். இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பார்க்க நான் கையை நிறுத்திவிடுவேன். முக்க முக்க நீலம் படிந்துகொண்டே போகும். மேலே லேசாக ஒட்டியிருப்பதுதான் உங்கள் கையில் வருகிறது. ஆலையில் செய்யும் நீலமும் இதே பொருள்தான் என்பதால், தேய்த்துப் பார்த்து அசலைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாலு சலவைக்குத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெள்ளை வேட்டியோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.