3 வயசுக் குழந்தைக்கு காய்கறி, பழம் வெச்சு எழுத்து சொல்லித் தரலாமா?

தாராளமா சொல்லிக் குடுங்க. சார்ட் வாங்கி செவுத்துல ஒட்டியிருப்பீங்க, குழந்தை அந்தப் பக்கமே திரும்பியிருக்காது, அதான் கேக்கறீங்கன்னு நெனைக்கிறேன். நான் டீச்சர் இல்ல, முதல்லயே சொல்லிடறேன், எந்த கோர்ஸ் படிச்சேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, எங்க வீட்ல நடந்ததைத்தான் சொல்றேன்.

எங்கப்பா கொத்தவால் சாவடில மூட்டை தூக்கி வளந்து, 1996-ல மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறினப்ப கூடவே போய் சின்னதா கடை போட்டவர். 3-ஆம் கிளாஸ் படிப்புதான். என் பொண்ணுக்கு மூணரை வயசுல அவர்தான் தினம் பையில காய் கொண்டாந்து தரையில கொட்டி சொல்லிக் குடுத்தார். முருங்கைக்காயை ஒடிச்சு ஒரு துண்டு நிமித்தி, அது காலடியில இன்னொரு துண்டு படுக்க வெச்சா ட. அந்தப் பக்கமும் ஒண்ணு நிமித்தினா ப. அவ அந்த வரி வரியா இருக்கற தோலை விரலால தடவிட்டே போவா, அப்புறம் சிலேட்ல அவளே போடுவா. இ-க்கு இஞ்சி, எ-க்கு எலுமிச்சை, மோந்து பாத்துட்டுதான் பேரே சொல்லுவா.

அப்ப அவ போன ஸ்கூல்ல அ-க்கு அவரைக்காய்னு சொல்லியிருக்கா. புக்ல அணில்தான் இருக்கு, வீட்ல தப்பா சொல்லித் தராதீங்கன்னு டைரில சிவப்பு இங்க்ல எழுதி அனுப்பிட்டாங்க. அவரைக்காய் அ-ல ஆரம்பிக்கலையா? அப்பா எழுத்துக்கூட்டிப் படிச்சார், ஒண்ணும் பேசல. மறுநாள் வெறுங்கையோட வந்தார். எனக்கு இன்னைக்கும் ஆறல. "தாத்தா, பை எங்க?"ன்னு இவ அழுததுல "நாளைக்கு எடுத்தாறேன் கண்ணு"ன்னாரு, அதோட மறுபடி ஆரம்பிச்சுது.

ஒரு விஷயம், எல்லா எழுத்துக்கும் அதுலயே ஆரம்பிக்கற காய் தேடி அலையாதீங்க. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது, அது இலக்கணம். நடுவுல தேடச் சொல்லுங்க. மாங்காய்ல ங, வெண்டைக்காய்ல ண, வெள்ளரிக்காய்ல ள. வாழைப்பழத்துல ழ ரெண்டு எடத்துல வருது. இவ வாயப்பயம்னுதான் சொல்லிட்டிருந்தா, அப்பாவும் காலம் பூரா அப்படியே சொன்னவர்தான், 60 வயசுக்கு மேல அவளோட உக்காந்து நாக்கை மடிச்சு மடிச்சு ழ பழகினார். பட்டாணி, கடலை மாதிரி சின்னதா மட்டும் கையில குடுக்காதீங்க, மூக்குல போட்டுக்கும்.

இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னாலும் பரவால்ல, எங்க அபார்ட்மென்ட்ல இப்ப தள்ளுவண்டியை கேட்டுக்குள்ள விடறதில்ல. வருஷக்கணக்கா வந்துட்டிருந்த காய்க்கார அம்மா வெளிய வெயில்ல நிக்கறாங்க, எங்க ஃப்ளோர்ல பாதிப் பேர் ஆப்ல வாங்கறாங்க. அதுல முருங்கைக்காய் நறுக்கி டப்பால வருது. நீங்க முழுசா வாங்குங்க, ஒடிக்கறதை குழந்தை கையில விடுங்க.