குழல் சாம்பிளில் மூச்சு எங்கே?

கேள்வி: கீபோர்டில் புல்லாங்குழல் சாம்பிள் (பதிவுசெய்த குழலொலி) வாசிக்கிறேன். பதிவு தரமானதுதான். ஆனாலும் ஆர்மோனியம் மாதிரிதான் கேட்கிறது. ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: பியானோவில் கட்டையை அழுத்திய வேகமே சத்தத்தைத் தீர்மானித்துவிடும். குழலில் ஸ்வரம் பிறந்த பிறகும் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சத்தத்தை அந்த வேகத்திடம், அதாவது வெலாசிட்டியிடம், விடாதீர்கள். பிரெத் கன்ட்ரோலர் (ஊதும் மூச்சைக் கட்டளையாக மாற்றும் கருவி) இருந்தால் சிசி 2 (சிசி என்பது மிடியின் கட்டுப்பாட்டுக் கட்டளை, எண் அதன் வகை), இல்லையென்றால் மாடுலேஷன் வீலான சிசி 1 அதை ஆளட்டும். சிசி 7-ஐத் தொட வேண்டாம், அது மிக்ஸிங்குக்கு.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தி ஊதும்போது குழலின் சத்தம் மட்டுமல்ல, நாதத்தின் பிரகாசமும் கூடுகிறது. சுருதியும் ஒரு இழை ஏறுகிறது. எனவே அதே சிசியை, உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டருக்கும் இணையுங்கள். மெல்லிய மூச்சில் 2,000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி, முழு மூச்சில் முழுதாகத் திறக்கட்டும். சுருதிக்கு 10 சென்ட் (ஒரு கட்டை இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு) போதும். சிசிக்கு 128 படிகள்தான் என்பதால் நீண்ட ஸ்வரங்களில் கரகரப்பு வரலாம். 20 மில்லி செகண்ட் ஸ்மூத்திங் (படிகளை வழவழப்பாக இணைப்பது) வையுங்கள். அதிகம் வைத்தால் மூச்சு விரலுக்குப் பின்தங்கும்.

கேள்வி: வீலை நடுவில் நிறுத்தினால் இரண்டு குழல் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கிறதே?

பதில்: வீல் ஏற ஏற சாம்பிள் மெல்லிய பதிவிலிருந்து உரத்த பதிவுக்கு மாறுகிறது. அந்த இரண்டும் தனித்தனியே வாசிக்கப்பட்டவை. அவற்றின் அதிர்வும் சுருதியும் அச்சாக ஒத்துப்போகாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் அந்த இரட்டைக் குரல். ஒன்று தேய்ந்து மற்றது எழும் அந்தக் கிராஸ்ஃபேட் எல்லையைப் பத்துப் படிகளுக்குள் சுருக்குங்கள். தனிக்குழல் என்றால் உரத்த பதிவு ஒன்றை மட்டும் வைத்து, மீதியை ஃபில்டரிடம் விடுவதே மேல். வைப்ரேட்டோ (ஸ்வரத்தின் நடுக்கம்) இல்லாத பதிவாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: கமகம் (ஸ்வரத்தின் அசைவு) வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அசைகிறது. சட்ஜம் சி என்றால், சாதாரண காந்தாரமான ஈ ஃபிளாட் கட்டையைப் பிடித்துக்கொண்டு, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலை ஆட்டுங்கள். கீழே இரண்டு கட்டை தள்ளி ரிஷபம், மேலே இரண்டு தள்ளி மத்திமம். வீலின் வழக்கமான ±2 அளவிலேயே (மேலும் கீழும் இரண்டு கட்டை) முழு அசைவும் அடங்கிவிடுகிறது. ±12 என்று வைத்தால் வீல் கைக்கு அடங்காது. சாம்பிளும் இழுபட்டு நாதம் மாறிவிடும். சாம்பிள் லைப்ரரியில் உள்ள இந்த வீல் அளவும் மென்பொருளில் உள்ள அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் அபஸ்வரம்தான்.

அசைவின்போது மூச்சு அறுபடக் கூடாது. கட்டையை மறுபடி அழுத்தினால் துத்துக்காரம் (நாவால் தட்டி ஊதும் தொடக்கம்) விழுந்து கமகம் உடைந்துவிடும். ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்க வேண்டிய இடத்தில் மோனோ லெகாட்டோவைப் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம், அறுபடாமல் தொடர்வது) போட்டு, முதல் கட்டையை விடுமுன் அடுத்ததை அழுத்துங்கள். துத்துக்காரம் வேண்டுமென்றால் மூச்சையும் ஒரு கணம் இறக்குங்கள்.

வாசிக்கும்போது வாய்க்குள் ஊதிக்கொண்டே வாசியுங்கள். உங்கள் மூச்சு எங்கே தீர்கிறதோ, அங்கே சிசியும் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.