நூலைப் பார்த்துத்தானே சேலை வாங்கினீர்கள்?

கேள்வி: எங்கள் வீட்டு நாய் பக்கத்து வீட்டுச் சிறுவனின் கையைக் கடித்துவிட்டது. அதன் தாயும் கடிநாய்தான். தெரிந்தேதான் எடுத்து வந்தோம். குட்டியாக இருந்தபோதே சோற்றுத் தட்டருகே போனால் உறுமும். அடித்து அடித்து அந்தப் பழக்கத்தை நிறுத்தினோம். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். பிறவிக் குணத்துக்கு வளர்ப்பவர் எப்படிப் பொறுப்பாக முடியும்? ஒருமுறை குட்டி போட்டால் சாந்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? மூன்று உறவினர்கள் குட்டி கேட்டிருக்கிறார்கள்.

பதில்: முதலில் அந்தச் சிறுவன். கடிதத்தில் நாயின் தாய் இருக்கிறது, பழமொழி இருக்கிறது. பையனுக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று ஒரு வரி இல்லை. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். இதுவரை காட்டவில்லையென்றால், மீதியைப் பிறகு படியுங்கள்.

குணம் பிறவியிலேயே வருமா? வரும். 1959இல் சோவியத் விஞ்ஞானி பெல்யாயெவ் நோவோசிபிர்ஸ்க்கில் பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் இணை சேர்க்கத் தொடங்கினார். நான்காம் தலைமுறையிலேயே சில குட்டிகள் மனிதரைக் கண்டு வாலாட்டின. பின்னாளில் சீறுபவற்றை மட்டும் சேர்த்து இன்னொரு கிளையையும் வளர்த்தார்கள். கூண்டருகே கை போனாலே பாயும் நரிகள் அவை. குட்டிகளை மாற்றி வேறு தாயிடம் வளர்த்தும், கருவையே மாற்றி வைத்தும் பார்த்தார்கள். பரம்பரையின் பங்கு மறையவில்லை. பூனையிலும் அப்படித்தான்: தகப்பன் முகத்தையே பாராத குட்டிக்கும் தகப்பனின் துணிச்சல் வந்துவிடுகிறது.

நாயின் இனத்தைக் காரணம் காட்டியிருந்தால் உங்களோடு வாதாடியிருப்பேன். ஏனென்றால் 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். நீங்கள் காட்டுவதோ பெற்ற தாயை. அது வலுவான சாட்சி. ஆனால் யாருக்கு எதிரான சாட்சி? நூல் நைந்தது என்று தெரிந்தே சேலையை வாங்கியவர் நீங்கள். தெரியாமல் எடுத்து வந்தவருக்காவது ஒரு சாக்கு உண்டு.

பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். அந்நியரும் குழந்தைகளும் பயப்பட வேண்டியவர்கள் அல்ல என்று அது கற்பது அப்போதுதான். உங்கள் குட்டி கற்றது வேறு. உறுமல் என்பது ‘கிட்டே வராதே’ என்று நாய் விடும் எச்சரிக்கை. அடி விழுந்ததும் உறுமல் நின்றது. உள்ளே இருந்த பயம் நிற்கவில்லை. இப்போது அது உடலை விறைத்து, தட்டின் மேல் தலையைக் கவிழ்த்து, கடைக்கண்ணில் வெள்ளை தெரிய ஒரு நொடி அசையாமல் நிற்கும். அடுத்த நொடி பல் பதியும். சிறுவனுக்கு அந்த ஒரு நொடியைப் படிக்கத் தெரியுமா? (என் ஆடுதசையில் ஒரு பழைய தழும்பு உண்டு. “அது ஒன்றும் செய்யாது சார்” என்று உரிமையாளர் சொல்லி முடிப்பதற்குள் கிடைத்தது.)

இனி அடிக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதிலோ மூட்டிலோ வலி இருந்தாலும் கடிக்கும். சாப்பாடு தனி அறையில், கதவைச் சாத்தி. வெளியே போனால் சங்கிலியும் வாய்மூடியும். சங்கிலியைப் பிடிப்பவர் பெரியவராக இருக்கட்டும்.

குட்டி போட்டால் சாந்தமாகும் என்பது வெறும் பேச்சு. குட்டிகளைக் காக்கும் தாய் முன்னைவிடச் சீறுவதே வழக்கம். போதாக்குறைக்கு, நீங்களே நம்பும் அந்த நூலில் இன்னும் நாலைந்து சேலை நெய்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள். கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, மூன்று பேருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்: குட்டி வராது.