நள்ளிரவில் மங்கோலியாவுக்குப் போகும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. நடிகர்கள் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்யும் 'லாங் வே ரவுண்ட்' தொடரைத் தினமும் நள்ளிரவு வரை பார்க்கிறார். இது மூன்றாவது முறை. ஓய்வு பெற்றதும் தானும் கிளம்பப்போவதாகச் சொல்லிப் பழைய புல்லட்டைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார். பார்க்க வேண்டாம் என்றால் சண்டை வருகிறது. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தொலைக்காட்சியை அணைத்தால் ஆசையும் அணைந்துவிடும் என்று நீங்களே நம்பவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆகவே தடுப்பதை விட்டுவிட்டு, முதல் பகுதியிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

2004 ஏப்ரல் 14 அன்று லண்டனில் புறப்பட்டு, உக்ரைன், கஜகஸ்தான், மங்கோலியா, சைபீரியா வழியாக ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள துறைமுக நகரான மகதான் வரை ஓட்டி, அங்கிருந்து விமானத்தில் அலாஸ்கா சென்று, ஜூலை 29 அன்று நியூயார்க்கை அடைந்த பயணம் அது. கிளம்புவதற்கு முன்பு அவர்கள் லண்டனில் ஓர் அலுவலகத்தையே அமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தயாரானார்கள். ஆசையோடு காத்திருந்த கேடிஎம் வண்டி கிடைக்காமல் போய் சார்லி கலங்குவதும், பிறகு பிஎம்டபிள்யூ கைகொடுப்பதும் இந்தத் தொடக்கப் பகுதியில்தான் வருகின்றன. உங்கள் கணவர் இதைத் தள்ளிவிட்டு நேரே சாலைக் காட்சிக்குப் போகிறாரா என்று கவனியுங்கள். போகிறார் என்றால் உங்கள் கவலையில் நியாயம் உண்டு.

அடுத்து, மங்கோலியாவை இருவருமாக நிதானமாகப் பாருங்கள். சுமையோடு கால் டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிகள் சேற்றில் மீண்டும் மீண்டும் சாய்கின்றன. தூக்கி நிறுத்தி நிறுத்தி ஓய்ந்துபோனவர்கள், ரஷ்யாவுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். உடன் வந்த ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளாண்டாவின் வண்டிச் சட்டம் உடைந்துபோக, அவர் அங்கேயே ரஷ்யத் தயாரிப்பான சிறிய வண்டி ஒன்றை வாங்கிப் பயணத்தைத் தொடர்கிறார். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தவர் இவர்தான். ஓட்டுநர் தேர்வில் முதலில் தோற்று, பயணத்தில் தாமதமாகச் சேர்ந்துகொண்டவர். இரண்டு வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு தொடுவானத்தை நோக்கிச் சிறுத்து மறையும் காட்சி வரும்போதெல்லாம், அதைப் படம்பிடித்தவர் பின்தங்கி நிற்கிறார், கேமராவைக் கட்டி வைத்துவிட்டு அவர்களை எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்களைத் தவிர, மருத்துவர் உள்ளிட்ட ஒரு துணைக்குழுவும் தனி வாகனங்களில் வருகிறது. தனியாகக் கிளம்ப நினைக்கும் உங்கள் கணவருக்கு இவற்றில் எது உண்டு என்று சண்டையில்லாமல் கேட்கலாம்.

2007இல் ஸ்காட்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரை சென்ற அடுத்த தொடரில், யூவனின் அப்போதைய மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு மலாவியில் வந்து சேர்ந்து சில நாட்கள் உடன் ஓட்டினார். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. மனைவி வீட்டில் காத்திருந்தே ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

வயதைப் பற்றிய உங்கள் பயமும் பொய்யில்லை. இத்தனை அனுபவமுள்ள சார்லிக்கே 2016இல் போர்ச்சுகலில் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் முறிந்தன. 2018இல் தென்னாப்பிரிக்காவில் மீண்டும் ஒரு விபத்து. அதற்குப் பிறகும் 2019இல் அவர் தென் அமெரிக்கா முழுவதும் மின்சார வண்டியில் சென்றார் என்பதை உங்கள் கணவர் கட்டாயம் எடுத்துச் சொல்வார். முறிந்த கால்களைச் சொல்ல மறந்துவிடுவார்.

இந்திய வண்டியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, பல நாடுகள் 'கார்னே' எனப்படும் சுங்கப் பிணை ஆவணத்தைக் கேட்கும். அதைப் பற்றி அவர் விசாரித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், மூட்டை முடிச்சு அனைத்தையும் கட்டிக்கொண்டு முதலில் வால்பாறைக்கு மூன்று நாள் போய் வரச் சொல்லுங்கள். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய புல்லட் எப்படித் திரும்புகிறது என்று அவரே தெரிந்துகொள்வார். நீங்கள் பின்னால் உட்கார்ந்து போவதா, பேருந்தில் முன்னே சென்று காத்திருப்பதா என்பதை உங்கள் முதுகைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.