சரவாங்கி மூட்டு நோய்தானே, நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. சரவாங்கி என்று சொல்லிவிட்டார்கள். மூட்டு வலிக்கு எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, கல்லீரல் டெஸ்ட் எல்லாம்? பணம் பிடுங்கப் பார்க்கிறார்களா? புளி, கத்தரிக்காயை நிறுத்தினால் போதாதா?

பணம் பிடுங்கவில்லை. எனக்கு இது வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியை. பட்டதைச் சொல்கிறேன்.

எனக்கு சாக்பீஸில்தான் ஆரம்பித்தது. முதல் பீரியடில் விரல் மடங்காது. போர்டில் ‘அ’ எழுதினால் சுழியிலேயே கை நின்றுவிடும். மூன்றாவது பீரியடுக்குள் ஓரளவு இளகிவிடும். மதியம் டிபன் பாக்ஸை நானே திறப்பேன். அதுதான் வம்பாகப் போனது. காலையில் கை வரவில்லை என்றவள் மதியம் எப்படித் திறக்கிறாள்? “முதல் பீரியட் வேண்டாம்னா நேரா கேளுங்க டீச்சர்” என்றார் எச்.எம். கோபப்படவும் தோன்றவில்லை. எனக்கே என்மேல் சந்தேகம்தான்.

இந்த நோயின் குணமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். இது நேர்மாறு. எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், வேலை செய்யச் செய்யத் தளரும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். விரலின் அடி மூட்டும் நடு மூட்டும் வீங்கும், நகத்தை ஒட்டிய மூட்டைப் பெரும்பாலும் தொடாது. அம்மாவின் கையைப் பிடித்துப் பாருங்கள், புரியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8.9தான் இருந்தது. நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரை, கூடவே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். ஏறியது 9.1. யாரும் விரலையும் ரத்தத்தையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்த மூட்டுவாத நிபுணர்தான் சொன்னார்: “இரும்புச்சத்து பீரோவுக்குள்ளதாம்மா இருக்கு. சாவிதான் கிடைக்கல.”

நடப்பது இதுதான். நோய் எதிர்ப்பு சக்தி தன் சொந்த மூட்டின் உள்சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அழற்சி என்பது இந்தச் சண்டைதான். அதில் சுரக்கும் ரசாயனங்கள் மூட்டுக்குள்ளேயே தங்குவதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. இன்டர்லூக்கின் 6 என்று ஒன்று கல்லீரலுக்குப் போய் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் இரும்பைக் கிடங்கிலேயே பூட்டிவிடும். அதே கல்லீரல்தான் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தையும் கூட்டுகிறது. ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. எகிறியிருப்பது அதனால்தான். அழற்சி அடங்கியதும், புதிதாக ஒரு டானிக்கும் இல்லாமல், என் ஹீமோகுளோபின் 11.6 வந்தது.

இதே அழற்சி கண்ணை உலர்த்தும், வெள்ளைவிழியைச் சிவக்க வைக்கும், நுரையீரலில் தழும்பு விழவைக்கும், வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால் இதய ரத்தக்குழாயையும் கெடுக்கும். மூட்டு வலிப்பதால் மூட்டு நோய் என்று பெயர் வாங்கிவிட்டது, அவ்வளவுதான். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது, மருந்து தொடங்கும் முன் நுரையீரல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள. இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரையைக் கொடுத்தால் அது நாளடைவில் விழித்திரையைப் பாதிக்கலாம், அதற்கும் சேர்த்துத்தான் கண் பரிசோதனை.

நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் தரும் கறுப்பு உருண்டையை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி போன இடம் தெரியவில்லை! மாமியார் அவருக்குத் தேங்காய் பழத்தோடு போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மாதத்தில் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதி, சர்க்கரையும் ஏறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதலில் கொடுத்துப் பார்த்ததே சரவாங்கி நோயாளிக்குத்தான். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. என் டாக்டரும் ஆரம்பத்தில் குறைந்த அளவில் கொடுத்து, படிப்படியாக நிறுத்தினார். அளவு தெரியாமல் விழுங்குவதும், திடீரென்று நிறுத்துவதும்தான் ஆபத்து.

முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுப்பதையே நமக்குச் சின்ன அளவில் தருகிறார்கள். வாரத்துக்கு ஒரே நாள்தான். வேறு கிழமையில் ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய குழுவிலிருந்துதான் இந்த இரண்டும் வந்தன. மாத்திரை குமட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

“எந்தக் கிழமை? திருப்பிச் சொல்லுங்க” என்று டாக்டர் என்னை மூன்று தடவை சொல்ல வைத்தார். புதன், புதன், புதன். சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறாரே என்று இருந்தது. அடுத்த மாதம் மருந்துக் கடையில் கவர் மேல் ‘0-0-1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தினமும் இரவு ஒன்று என்று அர்த்தம். அப்படியே சாப்பிட்டிருந்தால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறுவதையே நிறுத்தி, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அம்மாவின் மாத்திரை அட்டையில் கிழமையை நீங்களே பேனாவால் எழுதிவிடுங்கள். ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் டெஸ்ட் எல்லாம் இந்த மருந்து எங்காவது கைவைக்கிறதா என்று பார்க்கத்தான். அதைத் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று, பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் “இது கேட்கல” என்று அம்மா நிறுத்தப் பார்ப்பார். நானும் பார்த்தேன். கர்ப்பம் தரிக்கும் எண்ணமுள்ள பெண்கள் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இந்த மருந்து கருவுக்கு ஆகாது.

வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வாசலுக்கு வெளியே அனுப்புங்கள். புகை இந்த நோயை மோசமாக்கும்.

புளி, கத்தரிக்காய்? என் அம்மா ஒரு வருடம் எனக்குப் புளி இல்லாமல் எலுமிச்சை ரசம் வைத்தார். வலியில் ஒரு வித்தியாசமும் இல்லை. போன ஞாயிறு எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன், காம்பை நானே கிள்ளி.