ஆங்கில வாக்கியத்தை மரமாக்க எந்த லைப்ரரி?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கன்னியாகுமரிச் சுற்றுலா பற்றி மாணவர்கள் எழுதிய 60 கட்டுரைகளை டைப் செய்து வைத்திருக்கிறேன். வாக்கியங்களைத் தொடரமைப்பு மரமாக்கி, அதாவது எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கிளை கிளையாகப் பிரித்துப் பார்த்தால் எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரியுமே என்று பைத்தான் நிரல்மொழியில் என்எல்டிகே என்ற லைப்ரரியை (மொழி ஆய்வுக்கான ஆயத்த நிரல் தொகுப்பு) நிறுவி, பாடத்தில் உள்ள இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தேன். ‘வீ மெட் த கைடு ஆன் த போட்.’ என்ற முதல் வாக்கியத்திலேயே, சில சொற்கள் இலக்கணத்தில் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. எங்கே தவறு? வேறு லைப்ரரி பார்க்க வேண்டுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய விதிகளைப் பார்த்தேன். தவறு இரண்டு, இரண்டுமே அற்பம். விதியில் ‘வீ’ சின்ன எழுத்தில் இருக்கிறது, வாக்கியத்தில் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. என்எல்டிகேவுக்கு இவை வேறு வேறு சொற்கள். அப்புறம், கடைசியில் உள்ள முற்றுப்புள்ளியையும் அது ஒரு சொல்லாகவே எண்ணுகிறது. அதற்கு உங்கள் விதியில் இடமில்லை. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிப் புள்ளியை எடுத்துவிடுங்கள், ஓடும்.

ஆனால் அடுத்த வாக்கியத்தில் தோவாளை என்று ஓர் ஊர்ப் பெயர் வந்தால் மறுபடியும் நிற்கும். நீங்கள் எழுதிக் கொடுத்த சொற்கள்தான் அதற்குத் தெரிந்த மொத்த ஆங்கிலமும். 2001இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதற்காகத் தொடங்கிய லைப்ரரி அது. 60 கட்டுரைகளை அதன் தலையில் கட்டக் கூடாது.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். திருத்திய அதே வாக்கியத்தை ஓட்டிப் பாருங்கள். விபி (வினைத்தொடர்) என்பது வி (வினை), என்பி (பெயர்த்தொடர்) சேர்ந்ததாகவோ விபி, பிபி (‘ஆன்’ போன்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் தொடர்) சேர்ந்ததாகவோ இருக்கலாம். என்பியோடும் ஒரு பிபி ஒட்டலாம் என்று உங்கள் விதி சொல்கிறது. அதனால் ஒன்றல்ல, இரண்டு மரங்கள் வரும். விபி மட்டும் இங்கே:

முதல் மரம்
விபி
— விபி: மெட் த கைடு
— பிபி: ஆன் த போட்

இரண்டாம் மரம்
விபி
— வி: மெட்
— என்பி: த கைடு + ஆன் த போட்

முதலாவது, நம்மூர்ப் பேச்சில் ‘போட்டில் வைத்து கைடைப் பார்த்தோம்’. இரண்டாவது, ‘போட்டில் இருந்த கைடைப் பார்த்தோம்’. ‘வைத்து’ வினையெச்சம், அது வினையைத் தேடிப் போகிறது. ‘இருந்த’ பெயரெச்சம், அது பெயரைப் பிடித்துக்கொள்கிறது. எது எதோடு சேரும் என்பதை நம் சொல்லின் வாலே காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தின் ‘ஆன்’ வாயே திறக்காது. வாசிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு மரங்களையும் பலகையில் போட்டுவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதி வகுப்பு ஒன்றைச் சொல்லும், மீதி மற்றதைச் சொல்லும். இதற்கு மேல் நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை.

வாக்கியத்தின் கடைசியில் ‘டு த ராக்’ என்று சேர்த்தால் மரங்கள் 5. இன்னொரு பிபி சேர்த்தால் 14. மனிதருக்கு ஒன்றுதான் கண்ணில் படுகிறது, மற்றதெல்லாம் இயந்திரத்துக்கு. ஒரு எச்சரிக்கை: என்பிக்குள் என்பியே முதலில் வருகிற விதி இருந்தால் என்எல்டிகேயில் உள்ள பார்சர்களில் (மரம் போடும் நிரல்கள்) ரிகர்சிவ் டிசென்ட் பார்சரைத் தொடாதீர்கள். அதே விதிக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து வெளியே வராது. சார்ட் பார்சர் இதைச் சமாளிக்கும்.

சரி, கட்டுரைகளுக்கு வருவோம். அங்கே தேவை, மனிதர்கள் ஏற்கெனவே மரம் போட்டு வைத்த வாக்கியங்களைப் படித்துப் பழகிய பார்சர். இந்த வகைக்கு மூலதனம் பென் ட்ரீபேங்க் என்ற மரத் தொகுப்பு. அதில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்திகள் மட்டுமே சுமார் 10 லட்சம் சொற்கள். ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்சா லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பைப்லைனில் (வேலை வரிசை) டோக்கனைஸ் (சொல் பிரிப்பது), பிஓஎஸ் (சொல்வகைக் குறி இடுவது), கான்ஸ்டிட்யூயன்சி (மரம் போடுவது) என்ற மூன்றையும் கேளுங்கள். ஆங்கில மாடல் கனமானது, கல்லூரி லேப் இணையத்தில் இறக்குவதை விட கூகுள் கோலாபில் (கூகுளின் கணினியில் இணையம் வழியே நிரல் ஓட்டும் இடம்) ஓட்டுவது மேல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடைப்புக்குறி வடிவில் ஒரே ஒரு மரம் வரும். அந்த வரியை என்எல்டிகேயின் ட்ரீ என்ற நிரல் வகுப்பில் கொடுத்து ப்ரெட்டி பிரிண்ட் என்ற கட்டளையைச் சொன்னால் மரமாக அச்சாகும். டிரா என்ற கட்டளை தனி விண்டோ திறக்கப் பார்க்கும். கோலாபில் அதற்குத் திரை இல்லை, பிழைதான் வரும்.

கட்டுரைக்குக் கட்டுரை விடையைக் கோப்பாகக் கூகுள் டிரைவில் சேமியுங்கள். ஒரு முறை நான் இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போய், காலையில் பார்த்தால் இணைப்பு அறுந்து எல்லாம் காலி.

ஸ்பேசி என்ற இன்னொரு லைப்ரரியை யாராவது சொல்வார்கள். வேகமானது, சின்ன மாடல் லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் அது தருவது வேறு மரம்: என்பி, விபி என்ற பெட்டிகள் இருக்காது, ஒவ்வொரு சொல்லும் இன்னொரு சொல்லில் தொங்கும். எழுவாய் எது, அதன் வினை எது என்று மட்டும் எடுக்க அதுவே சுலபம். உங்கள் பாடத்திட்ட மரம் வேண்டுமானால் ஸ்டான்சாதான்.

இப்போது, நீங்கள் எதிர்பார்ப்பதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பழக்கிய பார்சர் பிழையைச் சொல்லாது. ‘ஹீ கோ டு முட்டம் பீச்’ என்று கொடுங்கள். மறுபேச்சில்லாமல் என்பி, விபி போட்டு அழகான மரம் தரும். எந்தச் சொற்கோவையைக் கொடுத்தாலும் இருப்பதில் பொருத்தமான மரத்தைத் தேடித் தருவதுதான் அதற்குப் பழக்கிய வேலை. ‘இது வாக்கியமே இல்லை’ என்று மறுப்பது நீங்கள் கையால் எழுதிய அந்தக் குட்டி இலக்கணம் மட்டும்தான். அதற்கோ சொல் போதாது.

ஒரு சின்னத் தடயம் கிடைக்கும். ஒருமைப் படர்க்கை வினைக்கு விபிஇசட், மற்ற நிகழ்கால வினைக்கு விபிபி என்று குறி விழும். எழுவாய் ‘ஹீ’, வினைக்குறி விபிபி என்றால் அந்த வரியைத் தனியே எடுத்துப் பாருங்கள். ஆனால் அதை வைத்து மார்க் குறைக்காதீர்கள். குறியே சில நேரம் தப்பாக விழும். ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தால் அதைப் பெயரா வினையா என்றுகூட அது குழம்பலாம்.

மரம் நம்பகமாகச் சொல்லக்கூடியது வேறொன்று: எஸ்பிஏஆர் என்ற முடிச்சு. ‘விச்’, ‘பிகாஸ்’, ‘வென்’ என்று உள்ளே தொங்கும் துணை வாக்கியங்கள் பெரும்பாலும் இந்தப் பெயரில் வரும். கட்டுரைக்கு எத்தனை என்று எண்ணுங்கள். பிழையே இல்லாமல், ஆனால் ஒரு எஸ்பிஏஆர்கூட இல்லாமல் ‘வீ வென்ட், வீ சா, வீ கேம்’ என்றே ஓட்டிவிட்டவர்கள் யார் என்று அப்போது தெரியும். சிவப்பு மையில் சிக்காத மாணவர்கள் இவர்கள்தான்.

புள்ளியே வைக்காமல் அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதையெல்லாம் பார்சர் ஒரே வாக்கியமாக விழுங்கி ஒரு ஆலமரத்தைக் கக்கும். புள்ளியை நீங்கள் வைத்துக் கொடுங்கள், ஆனால் ஒரு நகலில் மட்டும். மூலத்தைத் தொட வேண்டாம், புள்ளி வைக்காததும் நீங்கள் தேடுகிற சறுக்கல்களில் ஒன்றுதானே.