பிராட்வே மியூசிக்கல் டிக்கெட்டை அதிக விலை கொடுக்காமல் வாங்குவது எப்படி?

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவோடு நாலு பேராக நியூயார்க்கின் பிராட்வே தியேட்டர்களில் ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம், பார்க்க வேண்டும், தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம், கையைக் கடிக்காமல் டிக்கெட் வாங்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் இணையத்தில் உலவும் யோசனைகளில் பாதி தனி ஆளுக்கோ ஜோடிக்கோதான் சரிவரும். நாலு பேருக்குக் கணக்கே வேறு.

காசு முதலில் பறிபோகும் இடம் கூகுள் தேடல். நாடகத்தின் பெயரோடு டிக்கெட் என்று தட்டினால் உச்சியில் வருவது பெரும்பாலும் மறுவிற்பனைக்காரர்களின் விளம்பரம். முகவரியில் தியேட்டர் பெயரை ஒட்டவைத்து அசல் தளம் போலவே காட்டுவார்கள். நாடகத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்குள்ள டிக்கெட் பொத்தானை அழுத்துங்கள். தியேட்டரைப் பொறுத்து டெலிசார்ஜ், டிக்கெட்மாஸ்டர், சீட்கீக் என்று ஏதாவது ஒரு டிக்கெட் விற்கும் தளத்தில் கொண்டுபோய் விடும். பின்னிரண்டிலும் மறுவிற்பனை டிக்கெட்டும் கலந்து கிடக்கும். ரீசேல் குறி உள்ள இருக்கைகளை ஃபில்டரில் நீக்கிவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

இருக்கை எது என்று அங்கே பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பணத்தை அங்கே கட்டாதீர்கள். நேரே தியேட்டரின் பாக்ஸ் ஆபீஸுக்கு, அதாவது டிக்கெட் கவுன்ட்டருக்கு, நடந்து போய் வாங்குங்கள். இணையத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம் உண்டு, கவுன்ட்டரில் அது கிடையாது. டிக்கெட்டுக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட நாலு பேருக்கு 60 டாலர் மிச்சம். நியூயார்க் மாநிலத்தில் 2022 முதல், கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி இல்லை. கட்டணம் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கவுன்ட்டரில் இன்னொரு வசதி, "செவ்வாய் சாயங்காலமா, புதன் மதியமா, எது மலிவு?" என்று வாய்விட்டுக் கேட்கலாம். பதில் சொல்வார்கள்.

அதே நாளுக்கான தள்ளுபடி டிக்கெட் வேண்டுமென்றால் டைம்ஸ் சதுக்கத்தில், சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் டிகேடிஎஸ் (TKTS) என்ற தள்ளுபடி டிக்கெட் கவுன்ட்டருக்குப் போங்கள். 1973 முதல் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. தள்ளுபடி 20 முதல் 50 சதவீதம் வரை. டிக்கெட்டுக்குச் சில டாலர் கட்டணம் உண்டு. எந்த நாடகம் என்ன தள்ளுபடியில் ஓடுகிறது என்று அவர்கள் செயலியிலேயே தெரியும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருக்கையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கையில் இருப்பதில் நல்லதைக் கொடுப்பார்கள். திறக்கும்போதே போய் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. தியேட்டர்கள் மாலை வரை கொஞ்சம் கொஞ்சமாக டிக்கெட்டை விடுவிக்கும். ஹாமில்டன் மாதிரி எப்போதும் நிரம்புகிற நாடகம் அங்கே அரிது. வாங்கிய டிக்கெட்டை வைத்திருங்கள், 7 நாளுக்குள் மறுபடி போனால் வரிசையில் நிற்காமல் தனி ஜன்னலில் வாங்கலாம்.

மலிவு டிக்கெட்டுக்காக நாடகங்கள் நடத்தும் குலுக்கலும், அன்றைய காட்சிக்கு அன்றே விற்கும் ரஷ் டிக்கெட்டும் மலிவுதான், ஆனால் உங்களுக்குப் பெரிதாக உதவாது. இரண்டிலும் வழக்கமாக ஒருவருக்கு இரண்டு டிக்கெட்தான். குலுக்கலில் விழுந்தால் குறித்த நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் போயிற்று. நாலு பேரும் தனித்தனியாகப் பதிந்து, ஒருவருக்கு விழுந்தால் அப்பா அம்மாவை அனுப்பிவிட்டு நீங்கள் இருவரும் வெளியே காபி குடிக்கலாம்!

தேதியை மாற்ற முடியும் என்பதுதான் உங்கள் பெரிய பலம். ஒரே இருக்கையின் விலை கிராக்கிக்கு ஏற்ப நாளுக்கு நாள் மாறும். சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை பாருங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பக்கத்திலேயே போகாதீர்கள். ஜனவரி பிற்பகுதி, பிப்ரவரி, செப்டம்பர் மாதங்களில் கூட்டம் குறைவு. ஒன்றின் விலைக்கு இரண்டு டிக்கெட் தரும் பிராட்வே வீக் வருவதும் அந்தச் சமயங்களில்தான்.

மலிவென்று பால்கனியை வாங்கிவிடாதீர்கள். பல தியேட்டர்கள் நூறு வருடப் பழசு. லிஃப்ட் இருக்காது, படி செங்குத்து, முழங்கால் முன் நாற்காலியில் இடிக்கும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. கீழ்த்தளமான ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசைகளில் மேல்மாடி தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் மேடையின் மேல்பகுதி வெட்டுப்படும். ஆனால் படி ஏற வேண்டாம், விலையும் குறையும், பாட்டும் ஆட்டமும் முழுசாகக் கிடைக்கும். பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பார்ஷியல் வியூ, அதாவது மேடை முழுசாகத் தெரியாது, என்று போட்டிருந்தால் எந்தப் பக்கம் மறைக்கும் என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டிக்கெட்டை வழக்கமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. விளம்பரத்தில் நாடகத் தலைப்புக்கு மேலே பெயர் போட்ட நட்சத்திரம் அன்று நடிக்காவிட்டால் மட்டும், திரை உயர்வதற்கு முன் வாங்கிய இடத்திலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தலைப்புக்குக் கீழே பெயர் இருப்பவர் வரவில்லை என்றால் மாற்று நடிகரைத்தான் பார்க்க வேண்டும்.